பெயர் தேய்த்த செம்பு

ஆவணி 12, செவ்வாய்

மத்தியானம் கனகராயன்குளத்திலிருந்து ஓர் அம்மா என் பழம்பொருள் கடைக்கு வந்தார். சண்டையில் இடம்பெயர்ந்தபோது பாத்திரங்களைக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது ஆரோ தோண்டியெடுத்த வெறும் கிடங்குதான் இருந்ததாம்.

"ஒரு செம்பைத்தான் தேடுறன் தம்பி. விளிம்புக்குக் கீழை மாலினி எண்டு பேர் வெட்டியிருக்கும். பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வாங்கினது. பிள்ளை இன்னும் வரேல்லை."

பெயர் வெட்டிய சாமானை, அலங்காரத்துக்கு வாங்கும் கொழும்பு ஹோட்டல்காரர் எடுக்கமாட்டார்கள். எது வந்தாலும் முதல் வேலையாக அரத்தால் பெயரைத் தேய்த்துவிடுவேன். மாலினியைத் தேய்த்தது போன கிழமை.

அவர் செம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்புக்குக் கீழே விரலால் தடவினார். அந்தச் செம்பில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.

"இதுமாதிரித்தான் இருக்கும். ஆனால் பேர் இல்லையே."

"ஓம் அம்மா, அது வேறை ஆக்களின்ரை," என்றேன்.

சும்மாவே கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் பெயர் எங்கே என்று கேட்டிருப்பார். அந்தப் பயத்தில்தான் வாய் அப்படிச் சொன்னது.

அவர் செம்பைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"ஆராவது கொண்டுவந்தால் எனக்கு எடுத்து வையுங்கோ தம்பி. பேரை வாசிச்சால் உங்களுக்குத் தெரியும்தானே."

ஓம் என்றேன்.