குரலை ஏற்ற மாட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்கில் நல்ல கூட்டம். காது பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவர் ஹெட்ஃபோனை மாட்டியதுமே பட்டனை அமுக்க ஆரம்பித்துவிட்டார். நான் இன்னும் சத்தமே போடவில்லை. "கேட்டா மட்டும் அமுக்குங்க சார்" என்றேன். "கேக்குதும்மா, நீ பாட்டுக்குப் போடு" என்றார். வீம்புக்காரர். எனக்குப் பிடித்திருந்தது.

ஆல்பம் முடிந்துவிட்டது. கண் பட்டுவிடும் என்று இரண்டு நாளாக எழுதாமல் இருந்தேன். எட்டுப் பாட்டு. எங்கள் முதல் ஆல்பம். ஞாயிற்றுக்கிழமை குட்டி கடைசிப் பாட்டின் மிக்ஸிங்கை முடித்துவிட்டு, "அக்கா, இதுக்கு மேல தொட்டா கெட்டுடும்" என்று கம்ப்யூட்டரை மூடினாள். குட்டி என் சித்தி மகள், பேஸ் கிட்டார் அவள்தான். டிரம்ஸ் மொட்டை. தலை நிறைய முடி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர் மட்டும் விடவில்லை. கிட்டாரும் குரலும் நான்.

மொட்டை ஒரு காய்கறிக் கிடங்கில் மெக்கானிக். அதன் பின்னறைதான் எங்கள் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் குளிரூட்டும் இயந்திரம் நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று ஓடும். நிறுத்தவும் முடியாது, மறைக்கவும் முடியாது. ஒரு நாள் எரிச்சலில், "சரி போ, இனிமே நீதான் சுருதிப்பெட்டி" என்று அதற்கே கிட்டாரைச் சுருதி சேர்த்தேன். மற்ற இருவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஆல்பம் முழுக்க அந்த இயந்திரத்தின் சுருதிதான்.

நாங்கள் வாசிப்பதற்கு ஷூகேஸ் என்று பெயர். கிட்டார் சத்தத்தை மூட்டம்போலப் பரப்பி, குரலையும் அதற்குள்ளேயே கரைத்துவிடும் ராக் இசை. காலடியில் கிடக்கும், சத்தத்தை மாற்றும் பெடல்களையே பார்த்து வாசிக்கிறார்கள், ஷூவைப் பார்க்கிறார்கள் என்று எவனோ கேலியாக வைத்த பெயர். அம்மாவிடம் விளக்கினேன். "தலை நிமிந்து நடன்னு சொல்லி வளர்த்தேன். நீ மேடையில போய்க் காலைப் பாத்துட்டு நிக்கிறே" என்றாள்.

வியாழக்கிழமை ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் கேட்க வருகிறார்.

மார்ச் 6, வியாழன்

வந்தார். ஒரு ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட ஃபோனைத் தொடவில்லை. அதற்கே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

"பிரமாதம். நாங்களே வெளியிடறோம்" என்றார். மொட்டை சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். இன்னும் வலிக்கிறது.

"ஒரே ஒரு விஷயம்தான். குரல் எங்கம்மா? அடியில புதைஞ்சு கிடக்கே. மேல கொண்டு வாங்க. நாலு பேருக்குப் புரிய வேணாமா?"

இது புரிந்துகொள்கிற பாட்டு இல்லை, உள்ளே போய் நிற்கிற பாட்டு, குரலும் அங்கே ஒரு வாத்தியம்தான் என்று என்னவோ சொன்னேன். சரியாகச் சொல்லவில்லை. உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சரியா பாட வராதவங்கதாம்மா இப்படி ஒளிஞ்சிக்குவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். குட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நல்லவேளை.

குரலை ஏற்றினால் ஆல்பம் வெளியே வரும். ஏற்றாவிட்டால் வராது. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 7, வெள்ளி

நான் ஒளிஞ்சிக்கலை. ஒளியறவ எதுக்குய்யா எட்டுப் பாட்டு எழுதறா?

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ என்ன சொல்றேன்னே விளங்கலையேடி. பக்கத்து வீட்டு பாத்ரூம்ல யாரோ பாடற மாதிரி இருக்கு."

"அதேதாம்மா எனக்கு வேணும்."

"நல்லா இருக்கு போ. அந்த மனுஷன் சொல்றதைக் கேட்டா நீ என்ன குறைஞ்சிடப் போறே? உன் குரல்தானே? எனக்கே நல்லா கேக்கணும்னு ஆசையா இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "சின்ன வயசுல சத்தத்தைக் குறை, சத்தத்தைக் குறைன்னு உயிரை வாங்கினது யாரு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா மடித்த துண்டையே மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"அது வேற" என்றாள்.

என்ன வேற? அண்ணன் கத்தினால் பாவம், பசி. நான் கத்தினால் அடங்காப்பிடாரி. மாமா வந்தால் குறை, விருந்தாளி வந்தால் குறை. பெண் பார்க்க வந்தவர்கள் என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பலமா பேசுமோ?" என்று கேட்டுக் கிளம்பிப் போனார்கள். அப்போதெல்லாம் நான் குறைக்கவில்லை. வீட்டில் எத்தனை சண்டை! இப்போது என் பாட்டில், என் இஷ்டத்துக்கு, எனக்கு அழகாகப்படும் இடத்தில் குரலை வைத்தால் எல்லோரும் கூடிக்கொண்டு ஏத்து ஏத்து என்கிறார்கள். ஏற்றுவதோ குறைப்பதோ, அது என் கையில் இருக்கட்டும்.

இதை அந்த ஆளிடமே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதிலெல்லாம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும்.

மார்ச் 13, வியாழன்

மொட்டை என்னைக் கேட்காமல் பாட்டுகளைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். எல்லாவற்றையும் - குரல் தனி, கிட்டார் தனி, டிரம்ஸ் தனி. அவர்களே கலந்து பார்க்கிறார்களாம். குட்டிதான் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். நேராகக் கிடங்குக்குப் போனேன். ஏணியில் நின்று ஒரு குழாய்க்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

"இறங்குடா கீழ."

இறங்கினான். கத்தினேன். கிடங்கு முழுக்கக் கேட்டிருக்கும். அவன் கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

"ஒரு தடவை கேட்டுப் பாரு. பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்றான். கையிலிருந்த பட்டையைச் சுருட்டிக்கொண்டே, "இந்த ரூம்லயே எனக்கு வயசாயிடும் போல இருக்கு. வீட்ல ரெண்டாவது குழந்தை வரப்போகுது. இது ஒண்ணாவது வெளிய வரட்டுமே" என்றான்.

அவன்மேல் பாவமாகவும் இருந்தது. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

மார்ச் 17, திங்கள்

அரை நாள் லீவு போட்டுக் கம்பெனிக்குப் போனோம், மூவரும். மெத்தென்ற நாற்காலி, பெரிய ஸ்பீக்கர்கள். கம்பெனிக்காரர், "கேளும்மா, கேட்டுட்டு சொல்லு" என்று மூன்றாவது பாட்டைப் போட்டார்.

உண்மையை எழுதிவிடுகிறேன், இங்கே யாருக்காகப் பொய் சொல்ல? நன்றாக இருந்தது. என் குரல் நடு அறையில் வந்து நின்று தெளிவாகப் பாடியது. எங்கேயும் பிசிறில்லை. எனக்குப் பாட வரும். அதை அந்த ஆளே தன் கையாலேயே நிரூபித்துக் காட்டிவிட்டார்! ஒரு நிமிஷம் எனக்கே மனசு ஆடிப்போனது.

ஆனால் அது என் பாட்டு இல்லை. சுற்றிலும் இருந்த மூட்டத்தைத் துடைத்து எடுத்திருந்தார்கள். வெளிச்சம் போட்ட கடை வாசலில் என்னை நிற்க வைத்த மாதிரி இருந்தது.

கிட்டாரைக் குறைத்ததில் பாட்டு காலியாகிவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நிரப்புவதற்கு ஒரு கீபோர்டுக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒரு கட்டை அமுக்கினார். முகத்தைச் சுளித்தார். இன்னொன்று அமுக்கினார்.

"இது எந்த சுருதிங்க? ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்குது."

மொட்டை தொண்டையைச் செருமினான். "அது... எங்க கிடங்கு மெஷினோட சுருதி."

அவர் கீபோர்டை அதற்குத் தக்கபடி திருகிச் சரிசெய்தார். மூன்றாவது பாட்டுக்கு ஒருவழியாக ஒட்டியது. நான்காவது பாட்டைப் போட்டால் மறுபடி விலகல். சரக்கு நிறைய ஏற்றிய நாளில் இயந்திரம் முக்கும், அன்றைக்கு அதன் சுருதி இறங்கிவிடும். நாங்களும் அன்றன்றைக்கு அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறோம். அது போதாதென்று நான் கிட்டாரில் ஸ்வரத்தை வளைக்கும் கைப்பிடியை அசைத்துக்கொண்டே வாசிப்பவள், என் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது. கீபோர்டுக்காரர் துரத்தித் துரத்திப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார். "அஞ்சாவது பாட்டு எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டார். "தக்காளி வந்த அன்னிக்கு" என்றாள் குட்டி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கம்பெனிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டா இருக்கா? எல்லாத்தையும் ஒழுங்கான சுருதியில, ஒழுங்கான ஸ்டுடியோவுல மறுபடி எடுங்க. குரலை முன்னால வெச்சு. அப்படீன்னா பேசலாம்."

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஃபோனில்தான். இந்தத் தடவை உளறவில்லை.

"எனக்குப் பாட வரும்னு நீங்களே கேட்டுட்டீங்க சார். அதனால ஒளிஞ்சிக்கிறேன்னு இனிமே சொல்ல முடியாது. குரல் அங்கதான் இருக்கும். வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க."

"அப்புறம் வருத்தப்படுவே."

"பட்டுக்கறேன்."

வைத்துவிட்டார். குட்டிக்குச் சொன்னேன், "சரிக்கா" என்றாள். பின்னறையில் மொட்டைக்குச் சொன்னேன். டிரம்ஸ் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அவன் குச்சியை எடுத்துக்கொண்டு போய் நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

மொட்டை வரவில்லை. ஃபோனும் எடுப்பதில்லை. பின்னறைச் சாவியை மட்டும் குட்டியிடம் கொடுத்துவிட்டிருக்கிறான், அந்த மட்டும் நல்ல மனசு.

எங்கள் கிளினிக் டாக்டர் மேடம் இன்று ஆல்பத்தைப் பற்றிக் கேட்டார். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். "ஏம்மா, நம்ம கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறியா?" நான் சிரித்தேன். மத்தியானம் மறுபடி வந்து, "அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை போடு" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

செய்தது சரிதானா? சரிதான். சரிதான். ஆனால் டிரம்ஸ் இல்லாத அறை ரொம்பப் பெரியதாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வந்துவிட்டான்! கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, குச்சிகளோடு.

மன்னிப்புக் கேட்பான் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் வேறு கதை சொன்னான். கம்பெனிக்காரர்கள் கலந்ததை வீட்டில் போட்டிருக்கிறான். மனைவி கேட்டுவிட்டு, "இதுல நீங்க எங்க வாசிக்கிறீங்க?" என்று கேட்டாளாம்.

"அவங்க உன் குரலைத் தூக்கினதுல என் டிரம்ஸ் தீப்பெட்டியைத் தட்டற மாதிரி ஆயிடுச்சு. எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

"அப்போ என் குரலுக்காக வரலை, உன் டிரம்ஸுக்காக வந்திருக்கே."

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

அதுக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் வாசித்தோம். கையெல்லாம் கொப்புளம்.

மே 18, ஞாயிறு

நாங்களே இணையத்தில் வெளியிட்டுவிட்டோம். ஆல்பத்தின் பெயர் 'கதவை உடனே சாத்தவும்'. கிடங்கு வாசலில் தொங்கும் போர்டில் இருப்பதுதான். மொட்டை அந்த போர்டையே ஃபோட்டோ எடுத்து அட்டைப்படமாகப் போட்டுவிட்டான்.

முதலில் வந்த கருத்து: "பாடறவங்க மைக் பக்கத்துல போக மறந்துட்டாங்களா?"

குட்டி பதில் எழுதப் போனாள், தடுத்தேன். நானே எழுதினேன்: "மறக்கவில்லை."

ஜூன் 7, சனி

தினமும் யாராவது எழுதுகிறார்கள். கொஞ்சம் பேர்தான், ஆனால் தெரியாதவர்கள். ஒரு நர்ஸ், வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது இதைத்தான் கேட்பேன் என்று எழுதியிருந்தாள். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, அதனால் நானே என் சொந்த வார்த்தைகளைப் போட்டுக்கொள்கிறேன் என்று. கம்பெனிக்காரருக்கு அனுப்பிவைக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. வேண்டாம். அவர் யார் எனக்கு?

சின்ன நாடக அரங்கம் ஒன்று நடத்துகிறவர்கள் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். 28ஆம் தேதி. அம்மாவும் வருகிறாளாம். கடவுளே.

ஜூன் 29, ஞாயிறு

காது இன்னும் ரீங்காரமிடுகிறது. டாக்டர் மேடம் கேட்டால் திட்டுவார்.

அரங்கம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. முதல் இரண்டு பாட்டும் சரியாகப் போயின. மூன்றாவது பாட்டில் நான் வாயைத் திறந்ததும் என் குரல் திடீரென்று எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது. கிட்டாரெல்லாம் கீழே போய்விட்டது. பெடலிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். அரங்கின் பின்னால், சவுண்ட் பார்ப்பவர் பக்கத்தில், அம்மா. அவர் தோளைத் தட்டித் தட்டி என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

பாட்டை நிறுத்தவா, அவருக்குச் சைகை காட்டவா என்று யோசிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து பின்பக்கம் திரும்பிக் கத்தினார்: "குரலைக் குறைங்க சார்!" இன்னொரு பெண்ணும் கத்தினாள். அப்புறம் நடுவிலிருந்து நாலைந்து பேர். "குரலைக் குறைங்க! குறைங்க!"

என் வாழ்நாள் முழுக்க வெறுத்த வார்த்தை. வாசித்துக்கொண்டே அழுதுவிட்டேன். சவுண்ட் பார்ப்பவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினேன். அவர் குறைத்தார். கிட்டார்கள் எழும்பி வந்து என்னை மூடிக்கொண்டன. கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பொருமிக்கொண்டே வந்தாள்.

"பெத்தவ கேக்கணும்னு ஆசைப்படக் கூடாதா? என்ன ஜனமோ! பக்கத்துல நின்ன பையன் என்கிட்டயே சொல்றான், 'அவங்க குரல் அந்த இடத்துல இருந்தாத்தான் ஆன்ட்டி அழகு'ன்னு. என் பொண்ணு குரல் எங்க இருக்கணும்னு எனக்கே பாடம் எடுக்கறான்."

"நீ என்னம்மா சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல? எல்லாப் பாட்டையும் அவன் மனப்பாடமா பாடிட்டு நிக்கிறான், திரும்பத் திரும்பக் கேட்டே பிடிச்சானாம். எனக்கு ஒரு வரிகூடத் தெரியலை."

காலையில் எழுந்து வந்தபோது ஹாலில் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "பேசாதே, கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.