நாற்பத்து மூன்று உதட்டசைவுகள்

3 செப்டம்பர் 2025, புதன்

இந்திய வரலாறு குறித்த இணையவழிக் கல்லூரிப் படிப்பின் பன்னிரண்டு பாடங்களில் பதினொன்றை இன்று நிறைவு செய்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்; பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேறியவள்; நாற்பத்தாறு வயதில் கல்லூரி மாணவி. இதை எழுதுகையில் முதுகு தானாக நிமிர்கிறது.

மாலையில் பால் கறந்தபடியே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் பகுதிகள் இந்தியாவோடு இணைவதற்குக் கீழூரில் நடந்த வாக்கெடுப்பை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்புக் கொல்லையிலிருந்து திரும்பிய கணவர், "நீ பாஸாவுறியோ இல்லியோ, மாடு பாஸாயிடும்டி" என்றார்.

சிரிக்கட்டும். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் பதியும். சொல்லித்தர ஒருவருமில்லாதவளுக்குத் தன் குரலே துணை.

21 செப்டம்பர், ஞாயிறு

தேர்வு. அறையில் நான் மட்டுமே இருக்க வேண்டும்; இரண்டு மணி நேரமும் கேமரா என்னைக் கண்காணிக்கும். அரியூரில் செவிலியராக இருக்கும் மகள் வெண்ணிலா கொடுத்த மடிக்கணினியைத் தையல் மிஷின் மேல் வைத்து எழுதினேன். கணவர் வாசலில் நாற்காலி போட்டமர்ந்து, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

நன்றாக எழுதினேன். மிக நன்றாக.

30 செப்டம்பர், செவ்வாய்

முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம்: "தேர்வின்போது நாற்பத்து மூன்று முறை உதட்டசைவு. வெளியாள் உதவி பெற்றதாகச் சந்தேகம்."

காப்பியா? நானா? ஒரு மிஷின் என் வாயப் பாத்து எண்ணிக்கினு இருந்திருக்கு! கேள்வியத்தானே படிச்சேன்? அதுவும் தப்பா?

1 அக்டோபர், புதன்

நேற்று நிதானம் இழந்து எழுதிவிட்டேன். இன்று ஒழுங்காகப் பதிவு செய்கிறேன்.

எனக்கு இரண்டு வழிகள் தரப்பட்டுள்ளன. தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் மறுதேர்வு எழுதலாம். மறுத்தால் விசாரணை, அதில் தோற்றால் என் சேர்க்கை ரத்து, மூன்றாண்டுகளுக்கு மீண்டும் சேர இயலாது.

வெண்ணிலா தொலைபேசியில், "எம்மா, ஒரு டிக்கு அடிச்சிட்டுப் போயேன். யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

"நான் பார்ப்பேன்" என்றேன்.

மனிதர் போனபின் எஞ்சுவது ஆவணமே என்பது எங்கள் முதல் பாடம். 'ஏமாற்றினேன்' என்று என் கையாலேயே ஓர் ஆவணம் எழுதித் தருவதா?

4 அக்டோபர், சனி

பால் சொசைட்டியில் பக்கத்து வீட்டு உஷாராணி, நாலு பேர் கேட்க: "இன்னாக்கா, பரீட்சையில மாட்டிக்கினியாமே? இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா பிட்டு?"

செய்தி கசிந்த வழி எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கணவரைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்தார்.

விசாரணை கோரும் மனுவை இன்றே அனுப்பினேன்.

15 அக்டோபர், புதன்

காணொளியில் விசாரணை. இரு பேராசிரியர்கள், மூத்தவர் ரோஸ்லின் அம்மையார். தேர்வுப் பதிவை ஓடவிட்டார்கள். என் உதடு அசைகிறது, அசைகிறது, அசைந்துகொண்டேயிருக்கிறது.

"யார்கிட்ட பேசறீங்கம்மா?"

"என்னிடமேதான், அம்மா."

அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. "சரி, கீழூர் வாக்கெடுப்பப் பத்தி இப்ப சொல்லுங்க, பாப்போம்."

1954 அக்டோபர் பதினெட்டு. பிரதிநிதிகள் நூற்று எழுபத்தெட்டுப் பேர். இணைப்புக்கு ஆதரவு நூற்றெழுபது, எதிர்ப்பு எட்டு. தடங்கலின்றிச் சொன்னேன்.

"அந்த எட்டுப் பேரப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

பாடத்தில் இல்லாத கேள்வி. கண்களை மூடி யோசித்தேன். உதடு அசைந்தது, அடக்கவில்லை, பார்க்கட்டும் என்று விட்டேன்.

"அன்று நான் அங்கிருந்திருந்தால் நூற்றெழுபது பேரோடுதான் வாக்களித்திருப்பேன், அம்மா. ஆனால் அந்த எட்டுப் பேர் ஏன் மறுத்தார்கள் என்று நம் பாடத்தில் ஒரு வரியும் இல்லை. மறுத்தவர்களின் காரணத்தையும் எழுதி வைத்திருந்தால் வென்றவர்களின் பெருமை குறைந்தா போயிருக்கும்?"

அம்மையார் ஒலியை நிறுத்திவிட்டு மற்றவரிடம் ஏதோ பேசினார். இருவர் உதடுகளும் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"தகவல் வரும்" என்று முடித்துக்கொண்டார்கள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தகவல் இல்லை. அதிரசம் தீய்ந்துவிட்டது.

24 அக்டோபர், வெள்ளி

குற்றச்சாட்டு முற்றிலும் நீக்கப்பட்டது. நூற்றுக்கு எண்பத்தாறு!

கணவர் சட்டைகூடப் போடாமல் தெருவுக்குப் போய், உஷாராணி வீட்டு வாசலில் நின்று, "எண்பத்தாறு! எங்க வூட்டம்மா எண்பத்தாறு!" என்று கத்தினார். நாகரிகமற்ற செயல். நான் தடுக்கவில்லை.

8 ஜனவரி 2026, வியாழன்

அடுத்த பருவத்துக்கு உலக வரலாறு எடுத்திருக்கிறேன். தேர்வு விதிகள் இன்று வந்தன. கடைசி விதி புதியது: "வாய்விட்டு வாசிக்கும் வழக்கமுள்ளோர் முன்கூட்டியே பெயர் பதியலாம். அவர்களது உதட்டசைவு முறைகேடாகக் கருதப்படாது."

எவரால் வந்த விதி என்று அதில் எழுதவில்லை.

பெயர் பதியும் பக்கத்தைத் திறந்தேன். எனக்கு முன்பே அறுபத்தொரு பேர் பதிந்திருந்தார்கள். அறுபத்தொரு பேர்! நான் ஒருத்திதான் இப்படி என்றல்லவா இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்?

அறுபத்திரண்டாவதாக எழுதினேன்: த. அமிர்தம், பாகூர்.