சுருள் குழாயில் தண்ணீர்

சோகார், ஓமன்

அன்புள்ள யமுனா,

நீயும் ஹர்ஷினியும் சுகம்தானே? நைனாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். இதைக் கொண்டுவரும் பிச்சாட்டூர் குணா வேறு மாதிரி சொல்வான். அவன் எதையும் பெரிதாக்குகிறவன்.

நடந்தது இவ்வளவுதான். நீராவிக் குழாயில் அழுத்தம் பார்க்கும் சென்சார் மேல் சூடு நேராகப் பட்டால் கருகிவிடும். அதனால் நடுவில் ஒரு சுருள் குழாய் வைத்திருப்போம். அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், அழுத்தம் மட்டும் சென்சாருக்குப் போகும். பதினோரு வருடத்தில் நான் மறந்ததே இல்லை. போன செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டேன். அன்று காலையில்தான் ஹர்ஷினி வீடியோவில் பல் விழுந்த இடத்தைக் காட்டினாள்.

சென்சார் போயிற்று. கசிந்த ஆவி கையில் லேசாகப் பட்டது.

"இன்னாபா, தண்ணி ஊத்தாமயே தொறந்துட்ட? ஊட்டு நெனப்புலயே கீறியா?" என்றான் குணா.

அவன் திரும்பும்போது என் பழைய வேட்டி ஒன்று கொடுத்தனுப்பு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாகப் பார். இங்கே கொடுக்கும் துணி உறுத்துகிறது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் காகிதத்தில் மடித்து அதையும் அனுப்பு.

குணாவின் வண்டி வந்துவிட்டது. போனில் கேமரா கெட்டுவிட்டது என்று நான் சொன்னது பொய். கன்னத்துக் கட்டைப் பிரிக்கும்வரை குழந்தை என்னைப் பார்க்க வேண்டாம். உங்கள் பக்கத்துக் கேமராவை மட்டும் அணைத்துவிடாதே.

உன்
தேவேந்திரன்