பட்டுச்சேலைக்கு அடியில் கார்புரேட்டர்

என்னங்க,

இன்று காலை சேலைப் பெட்டியைத் திறந்தேன். பெட்ரோல் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. பாச்சை உருண்டை மணக்க வேண்டிய பெட்டி, பெட்ரோல் பங்க் மாதிரி மணந்தது. நம் கல்யாணப் பட்டுக்கு அடியில் உங்கள் வண்டியின் கார்புரேட்டர் இருந்தது. ஒரு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அது திருச்சிக்குப் போகவும் இல்லை, பழுதாகவும் இல்லை. நான்தான் கழற்றி ஒளித்து வைத்தேன். நீங்கள் கண்ணை மூடுகிற வரைக்கும் பொய் சொன்னேன். அதை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஆனால் துணியைப் பிரித்துப் பார்த்த பிறகு, யார் யாரிடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதே எனக்குக் குழம்பிப் போய்விட்டது. முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் அந்த வண்டி. வெளிநாட்டில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் யாரோ உயரமான பைக்கில் மணல் மேடு ஏறுவதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவீர்கள். பிள்ளை படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பைக்கைப் பற்றிச் சொல்வீர்கள். ஊருக்கு வந்து இலுப்பூர்ப் பக்கம் போர்வெல் மோட்டார் பழுது பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. ஒரு நாள் போனை நீட்டினீர்கள். "எண்டியூரோ புள்ள இது. காடு மேடு எல்லாம் ஏறும். ரோடே வேணாம் இதுக்கு."

"காசைக் கொட்டி ரோடு போட்டு வச்சிருக்காங்க. ரோடு வேணாத வண்டி எதுக்குங்க நமக்கு?"

"பம்பு செட்டெல்லாம் ரோட்டுலயா இருக்கு? தைல மரக் காட்டுக்குள்ளதான இருக்கு?"

மறுவாரமே விராலிமலைக்குப் பஸ் ஏறினோம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போவார்கள். நீங்கள் என்னைக் கூட்டிப் போனீர்கள். பஸ்ஸிலேயே காதுக்குள் சொன்னீர்கள்: "நான் ஓனர்கிட்ட பேசிக்கிட்டு இருப்பேன். நீ வேடிக்கை பாக்குற மாதிரி அங்கிட்டுப் போயி என்ஜின்ல கையை வையி. சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே கிளப்பி வச்சிருக்கான்னு அர்த்தம். ஆறுன என்ஜின் கிளம்புதான்னுதான் பாக்கணும்."

நானும் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் கத்தினேன். "ஆத்தாடி! தோசைக்கல்லு மாதிரி சுடுதுங்க!"

அந்த ஆளுக்கு முகம் செத்துப் போனது. "இப்பத்தாங்க கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றான். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லங்க, ஆறட்டும். நாங்க முருகனைப் பாத்துட்டு வாரோம்" என்றீர்கள். மலை ஏறிச் சாமி கும்பிட்டு, மயிலுக்குப் பொரி போட்டு, இறங்கி வந்தோம். இறங்கும்போதே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், இந்த மனுஷர் மனசுக்குள் வண்டியை வாங்கியாகிவிட்டது என்று. ஆனாலும் முறையாகத்தான் பார்த்தீர்கள். ஒவ்வொரு ஸ்போக்காக ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டீர்கள். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று விரலால் வழித்தீர்கள். நான் ஆர்.சி. புக்கிலிருந்து எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நீங்கள் குனிந்து சேஸில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தீர்கள். ஒன்பதாவது மிதியில் வண்டி கிளம்பியது. "பரவாயில்ல, கெழவனுக்கு உசுரு இருக்கு" என்றீர்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று நமக்கு இல்லாமல் போனது. நம் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டர் வாரம் ஒருமுறை சிவந்துபோகும். அந்த ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் பிழிந்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். உதவி செய்கிறேன் என்று ஒருநாள் துவைக்கிற கல்லில் வைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். பிய்ந்துவிட்டது.

"இது என்ன ஒன் பாவாடையா, அடிச்சுத் தொவைக்க?"

"ஆமா, ஒங்க வண்டிக்குப் பாவாடை ஒண்ணுதான் குறைச்சல். அதையும் கட்டி விடுங்க."

இரண்டு நாள் சண்டை ஓடியது. மூன்றாம் நாள் புது ஸ்பாஞ்சோடு எனக்கு அல்வாவும் வாங்கி வந்தீர்கள். அன்றிலிருந்து ஃபில்டர் என் வேலை என்று ஆனது. அப்புறம் செயினும். அப்புறம் நீங்கள் கேட்பதற்கு முன்பே பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டுகிற அளவுக்கு நான் கெட்டுப்போனேன். கார்புரேட்டரைக் கழற்றினால் என்ஜின் பக்கத்து ஓட்டையில் துணியை அடைக்கச் சொல்வீர்கள். "வாயைத் தொறந்து வச்ச எதையும் சும்மா விடாத. குளவி கூடு கட்டிரும்."

கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? அந்த உயரத்துக்கு நான் ஏறவே ஒரு கல் தேவைப்பட்டது. கரையில் என்னை இறக்கிவிட்டுவிட்டு, உள்ளே வெடித்துக் கிடந்த தரையில் நின்றுகொண்டே ஓட்டினீர்கள். ஐம்பது வயது ஆள். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஹெல்மெட். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. வெளிநாட்டில் போன பதினோரு வருஷத்தையும் அன்று நீங்கள் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு நெஞ்சு வலி வந்தது. திருச்சியில் டாக்டர் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, "ஆறு மாசத்துக்குக் கிக்கர் மிதிக்கக் கூடாது, குலுங்குற வண்டி ஆகவே ஆகாது" என்றார். அவர் முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினீர்கள். மூன்றாவது வாரம் கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். வண்டி மேல் உட்கார்ந்து, காலைக் கிக்கரில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். மிதிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என் தம்பி உங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்றைக்குத்தான் அந்த வேலையைச் செய்தேன். பெட்ரோல் குழாயை மூடினேன், டியூபை உருவினேன், இரண்டு கிளாம்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைக் கழற்றினேன். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. நீங்கள் சொல்லிக்கொடுத்த கைதான். பழைய துண்டில் சுற்றிப் பட்டுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் நீங்கள் வந்ததும், "மெக்கானிக் வந்து பாத்தாரு. கார்புரேட்டர் உள்ள ஜெட்டு தேஞ்சிருச்சாம். திருச்சிக்குக் குடுத்து விட்டிருக்கு, பார்ட்ஸ் வரணுமாம்" என்றேன். தம்பியும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டான்.

நீங்கள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். "சரி" என்றீர்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஐந்து மாதம் ஓடியது. திங்கட்கிழமை தவறாமல் கேட்பீர்கள். "பார்ட்ஸ் வந்துச்சா?" "வரலைங்க." "பழைய வண்டின்னா அப்படித்தான் புள்ள. ஸ்பேர் லேசுல கெடைக்காது. நீ கவலைப்படாத." பொய் சொன்னவளுக்கே ஆறுதல் சொன்னீர்கள்! அறந்தாங்கிக் கல்யாணத்துக்கு அந்தப் பட்டைத்தான் கட்டி வந்தேன். பந்தியில் என் பக்கம் சாய்ந்து, "என்ன புள்ள, புது சென்ட்டா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. முடிந்த அன்றைக்கு அதை எடுத்து உங்கள் கையில் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தியமாக. ஒரு புதன்கிழமை காலையில் டீயைக் கொண்டுவந்து பார்த்தால், நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. கிக்கர் மிதித்தால் நின்றுவிடும் என்ற நெஞ்சு, ஒன்றும் மிதிக்காமலே நின்றுவிட்டது. அப்படியானால் நான் ஒளித்தது எதற்கு? உங்கள் கடைசி ஐந்து மாதத்தைத்தானே ஒளித்தேன்?

ஏழு மாதமாக இதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. நேற்று வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் போன் செய்தார். தம்பி சொல்லித்தான். "வண்டி ஸ்டார்ட் ஆகுமாம்மா?" என்றார். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்தேன்.

பட்டுச்சேலை வேட்டி மடிக்கிற மாதிரி மடிந்திருந்தது. நான் அப்படி மடிப்பதில்லை. நான் சுற்றி வைத்த துண்டையும் காணோம். உங்கள் பனியன் துணிதான் இருந்தது. பிரித்தேன். பித்தளையெல்லாம் பளபளவென்று துடைத்து, திருகுகளை இறுக்கி, மூலை முடுக்கில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் இருந்தது. கொட்டகைக்கு ஓடினேன். அன்றைக்கு அவசரத்தில் என்ஜின் ஓட்டையை அடைக்க மறந்து, நான் திறந்தபடியே விட்டிருந்தேன். அதில் துணி அடைத்திருந்தது. அடப்பாவி மனுஷா!

வெள்ளிக்கிழமை நான் மகளிர் குழுவுக்குப் போன நேரமாகத்தான் இருக்கும். மாட்டுவதற்கு உங்களுக்கு அரை மணி நேரம் போதும். கண்மாய்க் கரை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்திருக்கலாமே. ஓட்டியிருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் ஓட்டவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். எடுத்துத் துடைத்து, நான் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, திங்கட்கிழமை வந்து "பார்ட்ஸ் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மத்தியானம் நானே மாட்டினேன். டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டு அரை லிட்டர் புதிதாக ஊற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தேன். கிளம்பியது. தம்பி "அக்கா, விடுக்கா" என்று கத்தினான். விடவில்லை. பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு அழுதேன். நாளைக்கு அந்தப் போன் செய்தவர் வருகிறார். பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். எனக்கு வண்டி வேண்டாம்.

இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் எதையும் சும்மா விட்டதில்லை. ரசத்தில் உப்புக் கூடினால் ஒரு சண்டை, ஆணியை இடம் மாற்றி வைத்தால் ஒரு சண்டை. இவ்வளவு பெரிய திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டீர்களே. மன்னித்துத்தான் விட்டீர்களா, இல்லை மனசு ஒடிந்துபோய் விட்டீர்களா? எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் போடாத அந்தச் சண்டையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? காலையிலிருந்து பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எனக்கு வேண்டும் என்றுதான் செய்தேன், வேறெதற்கும் இல்லை. கேட்டால்தானே சொல்ல முடியும். "ஏன் புள்ள இப்படிச் செஞ்ச?" என்று ஒரு தடவை கேளுங்களேன்.