புத்தகம் என் கையில் இருந்தது, தேவகி

என் தேவகிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உன்னோடு பேசாமல் இருந்தவள் நான். இப்போது வலிய வந்து பேசுகிறேன், வெட்கமே இல்லை பார். ஆனால் போன மாதம் உன் மகள் ஹரிணி சொன்னது என் மனசிலேயே நிற்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் பிள்ளையார்பாளையத்தில் ஒரே தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நான் மூத்த மருமகள், பி.ஏ. நீ இளையவள், பிளஸ் டூ. அரசாங்கத் தேர்வு எழுதப் போகிறேன் என்று முதலில் கிளம்பியது நான்தான். தனியாகப் படித்தால் தூக்கம் வருகிறது என்று உன்னையும் இழுத்துக்கொண்டேன். வீட்டு வேலையும் நிற்கக் கூடாது இல்லையா? அதனால் நான் புத்தகத்தை உரக்கப் படிப்பது, நீ தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பது என்று ஏற்பாடு செய்தோம்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் முடிந்த நாளில் பழைய இழையின் நுனியோடு புது இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாக. விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு நீ முறுக்குவாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் அரசியலமைப்பைத் தொண்டை வறளப் படிப்பேன். வீட்டில் யாரைக் கேட்டாலும் வசந்தா படிக்கிறாள், தேவகி வேலை செய்கிறாள் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நீ முதல் தடவையே பாஸ். நான் மூன்று தடவை எழுதி மூன்றிலும் கோட்டை விட்டேன்.

உனக்கு வாலாஜாபாத்தில் வேலை என்று ஆர்டர் வந்த அன்று மாகறலிலிருந்து உன் அண்ணன் லட்டு டப்பாவோடு வந்திருந்தார். கூடம் கொள்ளாமல் ஆட்கள். என் வயிறு எரிந்தது, தேவகி, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

"பரிமாறினவ பட்டினி, பந்தியில குந்தினவ ஏப்பம் வுடுறா. என் வாயால படிச்சிட்டு இவ வேலைக்குப் போறா" என்றேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உன் அண்ணன் டப்பாவை மூடி வைத்துவிட்டார். நீ பேசியிருந்தால் நான் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அது உனக்குத் தெரியும்.

அன்றோடு நம் பேச்சு நின்றது. ஒன்றரை வருடம் கழித்து மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள நேரம் கொடுத்தாயா? நான் மட்டும் கேட்டேனா?

நீ வேலைக்குப் போன பிறகும் லீவு நாளில் செய்துவந்த கைவேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. சில மாதம் கழித்து ஒரு பாவைச் சேர்க்க உட்கார்ந்திருந்தேன். ஹரிணிக்கு அரையாண்டுப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. பெண் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று, இங்கே வந்து வாய்விட்டுப் படி, பாடமும் ஏறும், எனக்கும் பொழுது போகும் என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அவளும் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து படித்தாள்.

மறுநாள் காலை அடுப்படியில் நிற்கிறேன், அந்தப் பாடம் முழுக்க என் வாயில் வருகிறது. வருஷம், பேர், காரணம், விளைவு, ஒன்று விடாமல் வருகிறது. எனக்கு! மூன்று தடவை தோற்றவளுக்கு! பேய் பிடித்ததோ என்றுகூட நினைத்தேன்.

அதோடு விட்டேனா? பேராசைக்காரிக்கு ருசி கண்டுவிட்டது. தினமும் மத்தியானம் நான் தார் சுற்ற உட்காருவேன், ஹரிணி அவள் பாடத்தைப் படிப்பாள். அது முடிந்ததும் என் தேர்வுப் புத்தகத்தையும் அவள் கையில் கொடுத்துவிடுவேன். மாதிரித் தேர்வில் எப்போதும் பாதியில் நிற்கிற என் மார்க்கு எண்பதைத் தாண்டியது. விரல் ஓடினால் எனக்குப் புத்தி நிற்கிறது, தேவகி. நாற்பத்திரண்டு வயசில் இது தெரிகிறது. மக்கு, மக்கு என்று என்னை நானே திட்டிக்கொண்ட வருஷங்களை எங்கே போய்த் திருப்பி வாங்குவேன்?

போன மாதம் ஹரிணியின் அரையாண்டு மார்க்கு வந்தது. வரலாற்றில் ஃபெயில். எனக்கு நாலு தடவை படித்துக் காட்டிய அதே பாடங்கள். எனக்கே மனப்பாடமாக இருக்கிறது, படிச்ச உனக்கு எப்படி வராமல் போகும் என்று கத்தினேன். அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"படிக்கசொல்ல என் கொரலுதான் எனக்குக் கேக்குது பெரிம்மா. பாடம் கேக்க மாட்டேங்குது."

என் கையிலிருந்த தார் உருண்டு ஓடியது. அந்த மூன்று தடவையும் எனக்கு நடந்தது அதேதான். வாய் படிக்கும், மனசு அடுப்பில் இருக்கும், குரல் மட்டும் கணீரென்று ஓடும். நான் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்கார்த்திவிட்டது.

"அம்மா சொல்லிக்கினே இருக்கும். அக்கா கையில வேலைய குடுத்து ஒக்கார வெச்சா முதல் மார்க்கு வாங்கும்னு. எடம் மாத்திக்கலாம்னு ரெண்டு தபா கேட்டுதாமே?"

கேட்டாய். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'அக்கா, இன்னிக்கு நீ இங்க குந்து, நான் படிக்கிறேன்' என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்றேன். சாம்பல் கையோடு புத்தகத்தைத் தொடாதே என்றேன். நான் எப்படித் தேறுவேன் என்று எனக்கே தெரியாதபோது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்கக்கூட எனக்கு மனசில்லை, மூத்தவள் என்ற திமிர்.

இன்னொன்றும் உறைத்தது. நீ என் இடத்தைப் பிடுங்கியதாக ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான். இப்போது உன் இடத்தில் சொகுசாக உட்கார்ந்து, என் இடத்தில் உன் மகளை உட்கார வைத்து, அவள் பரீட்சையை நான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். தெரியாமல்தான் செய்தேன். தெரியாமல் செய்தால் சரியாகிவிடுமா?

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளைக் கேட்டேன், உனக்கு எப்படிடி படித்தால் ஏறும் என்று. தெரியவில்லை, யாரும் கேட்டதில்லை என்றாள். எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. படம் போட்டுப் பார்த்தாள், பாதி வந்தது. ஒரு நாள் நான் வாய் தவறி ஒரு மன்னரின் பேரை மாற்றிச் சொல்லிவிட்டேன். சண்டைக்கு வந்துவிட்டாள் உன் மகள்! புத்தகத்தைத் திறந்து, காரணம் காட்டி, மூச்சு விடாமல் என்னை மடக்கினாள். மடக்கியதை அவள் மறக்கவே இல்லை. இப்போது தினமும் நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன். வீடு இரண்டு படுகிறது. உன் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, பஞ்சாயத்துக்கு வரவா என்று கேட்கிறார். என் பாடத்தை நானே போனில் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டு தார் சுற்றும்போது கேட்கிறேன். உன் மகளின் தொண்டை இனி எனக்கு வேண்டாம்.

அடுத்த மாதம் உன் முதல் தெவசம். உன் அண்ணன் மாகறலிலிருந்து வருவார், அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்களும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். தேவகி படித்துத்தான் பாஸானாள், என் வாய் ஓடியதே தவிர நான் படிக்கவில்லை என்று சொல்வேன். ஹரிணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்வேன். குரல் உடைந்தாலும் முடிக்காமல் உட்கார மாட்டேன். சரி விடுக்கா என்று சொல்ல நீ இருக்க மாட்டாய். அது எனக்கு வேண்டியதுதான்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமலே போன உன் மூத்த ஓரகத்தி,
வசந்தா