இடப்பக்கம் திறக்கும் கதவு

மார்ச் 4, செவ்வாய்

இருப்புக் கொள்ளவில்லை. தொழிற்கூடத்தில் இன்று மூன்று பேர்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். எல்லாம் அண்ணனால். கம்பெனியில் விற்பனை அவன் பொறுப்பு, உற்பத்தி என் பொறுப்பு. நேற்று யாரோ பெரிய கம்பெனிக்காரர்களைக் கூட்டிவந்தான். அவர்களுக்கு எங்கள் பிரிட்ஜ் வேண்டாமாம், எங்கள் பெயர் மட்டும் போதுமாம். வேறெங்கோ செய்த பெட்டியில் அதை ஒட்டி விற்பார்கள். கூடத்தைப் பூட்டிவிடலாம். அப்பா கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. மாதக் கடைசி வரை யோசிக்கலாமாம்.

"பேராவது மிஞ்சுமே" என்கிறான். மிஞ்சின பெயரை என்ன செய்ய, கழுத்தில் மாட்டிக்கொள்ளவா?

மார்ச் 6, வியாழன்

எங்கள் சரக்கை ஆரம்பத்திலிருந்து விற்கும் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஏன் விற்பனை படுத்துவிட்டது என்று கேட்டேன். மனிதர் பூசி மெழுகவில்லை.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு பாப்பா. கதவுதான் தப்பான பக்கம் திறக்குது. வர்றவங்க பிடியைத் தேடுறாங்க. தேடிட்டு அடுத்த பொட்டிக்குப் போயிடறாங்க."

உண்மை. ஊரில் மற்ற எல்லா பிரிட்ஜுக்கும் கீல் வலப்பக்கம், கதவும் அந்தப் பக்கமாகத் திறக்கும். எங்களுடையது முதல் பெட்டியிலிருந்தே இடப்பக்கம். அப்பா டிரங்குப் பெட்டி செய்துகொண்டிருந்தவர். அதே தகட்டை மடக்கி, கடனுக்குக் கம்ப்ரஸர் வாங்கி, அந்த முதல் பிரிட்ஜைச் செய்தார். பிறகு ஒரு காலம் இருந்தது. ஜனங்கள் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கதவு கூரைப் பக்கம் திறந்திருந்தாலும் வாங்கியிருப்பார்கள்!

ஏன் இடப்பக்கம்? விற்பனையாளர்கள் ஆளுக்கொரு கதை விட்டார்கள். இதயம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றுகூட ஒருவர் சொல்லி விற்றாராம். அண்ணன் விளம்பரத்தில் 'ஆராய்ந்து கண்ட வடிவம்' என்று போட்டான். அப்பா எதையும் மறுத்ததில்லை.

மார்ச் 7, வெள்ளி

அப்பாவிடம் பேசினேன். "என்ன வேணா பண்ணு, கதவுல கை வைக்காதே." அதோடு பேச்சு முடிந்தது.

மார்ச் 12, புதன்

கை வைத்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் மாற்றி மாட்டக்கூடிய கீல். ஃபிட்டரும் நானும் கூடத்தின் பின்னறையில், ஏதோ திருட்டுச் சாமான் பிரிக்கிறவர்கள் மாதிரி. வலப்பக்கம் மாட்டியாயிற்று. காகிதம் வைத்துப் பார்த்தோம். எங்கள் கூடத்துப் பழக்கம் இது: கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி, வெடுக்கென்று இழுப்போம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே குளிர் கசியும். கிழிந்தால்தான் பெட்டி வெளியே போகலாம். இதைக் காரின் கதவில்கூடச் செய்து பார்க்கிற பைத்தியங்கள் நாங்கள்.

மேலே கிழிந்தது. நடுவில் கிழிந்தது. கீழ் மூலையில் வெண்ணெய் மாதிரி வழுக்கி வந்தது.

"தொங்குதும்மா கதவு" என்றார் ஃபிட்டர்.

மார்ச் 13

வழுக்குகிறது.

மார்ச் 14

இன்றும். அப்பாவுக்குத் தெரிந்தால்? தெரியாமலா இருக்கும், அந்தக் கூடத்தில் ஒரு திருகாணி கீழே விழுந்தாலும் அவர் காதுக்குப் போகும். பின் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சாப்பாட்டில் சண்டை. அண்ணன் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்திலேயே பெயரை விற்கிற பத்திரத்தை வைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருஷம் குடுங்கப்பா, கதவை மட்டும் மாத்த விடுங்க, கம்பெனியை நான் தூக்கி நிறுத்திக் காட்றேன்னு கத்திட்டேன்.

அப்பா சோற்றை அளைந்துகொண்டே சொன்னார்: "அந்தக் கதவு இல்லேன்னா அது நம்ம பொட்டியே இல்ல. உங்க அம்மாவுக்காக வெச்ச கதவு அது."

எனக்கு இது தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அம்மா அப்போதுதான் பிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து, திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு சமையல் மேடைக்கு வந்தாள்.

"எனக்காகவா? நல்லா இருக்கே! நாம மொதல்ல இருந்த வாடகை வீட்டுல, பிரிட்ஜுக்கு வலப்பக்கம் சமையல் ரூம் கதவு. ரெண்டும் முட்டிக்கும்னு கீலை இடப்பக்கம் வெச்சீங்க. ரெண்டே வருஷத்துல அந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம். அப்புறம் எந்த வீட்டுலயும் எனக்கு இது தோதுப்படல. மேடையும் அதே பக்கம், கதவு குறுக்க நிக்குது. சுத்திச் சுத்தி வந்தே என் கால் தேஞ்சுது."

"சொல்லவே இல்லியே நீ" என்றார் அப்பா.

"கேக்கவே இல்லியே நீங்க. ஊரெல்லாம் வாங்கிட்டுப் போகுது, அதுல நான் எங்க வாயைத் திறக்கிறது?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு முடியவில்லை. ஒரு வாடகை வீட்டுச் சமையலறைக்கு வைத்த கதவை ஊர் முழுக்க வீடு வீடாக இறக்கியிருக்கிறோம். அம்மா அதைச் சுற்றிப் போவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பெட்டி செய்கிறவள் நான்! என் கண்ணில் என்ன இருந்தது?

மார்ச் 18, செவ்வாய்

அப்பா யாரோடும் பேசுவதில்லை. பத்திரம் அலமாரிமேல் கிடக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

பின்னறைக் கதவு திறந்தது. அப்பா! ஃபிட்டர் எழுந்து நின்றுவிட்டார். நான் திட்டுக்குத் தயாரானேன். அவர் கீழ் மூலையில் காகிதம் வைத்து இழுத்தார், வழுக்கி வந்ததைப் பார்த்தார். "கீல் தகடு மெலிசு. கனமா வெட்டச் சொல்லு" என்றார். போய்விட்டார்.

அதை நானும் ஃபிட்டரும் நேற்றே வெட்டக் கொடுத்தாயிற்று. சொல்லவில்லை.

மார்ச் 25

கிழிந்தது. நாலு மூலையும்!

மார்ச் 30, ஞாயிறு

அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷம் என்றார், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது என்றார். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் கடைக்காரரிடம் புதுக் கீல் போட்ட முதல் பெட்டியை அவனே இறக்கிவிட்டு வந்தான்.

இரண்டாவது பெட்டி வீட்டுக்கு வந்தது. கீலை வலப்பக்கம் மாற்றும்போது யாரையும் தொட விடவில்லை அப்பா. தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அவரே முடுக்கினார். காகிதம் வைத்து இழுத்தார். கிழிந்தது.

அம்மா பால் எடுக்க வந்தாள். கை பழைய பக்கம் போய், பிடியில்லாத இடத்தைத் தடவியது. "சனியன், பழகிப்போச்சு" என்றாள்.

அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படி வேணும்? பழையபடியே மாத்திடவா?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கட்டும். பழகிக்கறேன்" என்றாள். பாலை எடுத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போனாள்.

நாளைக் காலை கூடத்தில் உற்பத்தி லைன் ஓட வேண்டும். கீல் தகடு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.