கன்னம் உப்பாத முப்பத்தெட்டுப் படங்கள்

அக்கா,

என் படக்கணக்கு நோட்டு பூசை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இன்று காலை விளக்கேற்றப் போனவள் அதைக் கையில் எடுத்தேன். அட்டையெல்லாம் கற்பூர வாசனை. அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தவள், விளக்குக்கு எண்ணெய் விடவே மறந்துபோனேன்.

நேற்று உங்கள் தம்பி வந்திருந்தார். வருகிற மாதம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. கோயிலில் நீங்கள் நாயனம் வாசிக்கிற படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டார். உங்கள் கடைசித் திருவிழாப் படங்களைத் திறந்து காட்டினேன். அவர் அதில் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்களுக்குத் தெரியும், சாமி புறப்பாட்டை எடுக்கத்தான் நான் கேமராவைத் தொட்டேன். செராமிக் கம்பெனியில் கோப்பைகளைப் படம் எடுக்க வைத்திருந்து, பழசாகி ஒதுக்கிய கேமரா. அங்கே வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிவந்தார். அதில் எந்தப் பொத்தான் எதற்கு என்று யூடியூப் பார்த்தும், அமுக்கிக் கெடுத்தும் நானே கற்றுக்கொண்டேன். சாமியை ஊரே செல்போனில் எடுக்கிறது, முன்னால் வாசித்துக்கொண்டு போகிற அக்காவையும் தம்பியையும் ஒருவரும் எடுக்கவில்லையே என்று ஒருநாள் உங்கள் பக்கம் திரும்பினேன்.

எந்தப் புறப்பாடு, எத்தனை படம், ஆடிப்போனது எத்தனை என்று அன்றன்றே எழுதிவிடுவது என் வழக்கம். உங்களுக்காகத் தனியாக ஒரு கட்டம் போட்டேன். அதற்குக் காரணம் நீங்களேதான்.

“என்னாம்மா நீ, எல்லாப் படத்துலயும் பூரி மாரி உப்பிக்கினு இருக்கேன்? ஊதாத மூஞ்சி ஒண்ணு புடிச்சுக் குடு பாப்போம்.”

“ஊதாம நின்னா உன்ன எதுக்குக் கோயிலுக்குக் கூப்புடுறாங்க?” என்றார் தம்பி.

“நீ சும்மா கெடடா. எனக்கும் மூஞ்சின்னு ஒண்ணு இருக்குதுன்னு ஊரு தெரிஞ்சிக்கட்டும்.”

சிரித்தோம். ஆனால் நான் அதை விடவில்லை. நாயனம் வாசிப்பவர்கள் காற்றைக் கன்னத்தில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஊதுகிறார்கள். நாயனத்தின் வாய்ப்பக்கத்துச் சீவாளி உதட்டில் இருக்கும்போதே கன்னம் தணிகிற கணம் கண் இமைப்பதற்குள் போய்விடும். நூறு எடுத்தால் மூன்றோ நான்கோ கிடைக்கும். அதிலும் பாதி ஆடியிருக்கும்.

அந்த மாசி மகத் திருவிழாவில், தேருக்கு முந்தைய நாள் காலைப் புறப்பாட்டில், நூற்றுப்பத்தில் முப்பத்தெட்டு கிடைத்தது. சீவாளி உதட்டில், விரல்கள் துளைகளின் மேல், கன்னம் மட்டும் உப்பாமல், உங்கள் முகம் முழுசாக. நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதி, அதன் அடியில் “பழமலைநாதர் கருணை” என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வரியைத்தான் இன்று காலை என்னால் தாண்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

“அழகாத்தான் இருக்கேன் இல்ல?” என்றீர்கள். பிறகு, “கோயில் கமிட்டிக்காரங்களுக்கு இத அனுப்பிடாதம்மா.”

வெட்கப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரை முடிவதற்குள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். முன்னாலேயே கூட்டிவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வராந்தாவில் நின்று நானும் கேட்டேன்.

நேற்று தம்பி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதியில் கையை எடுத்துவிட்டார்.

“இதெல்லாம் வேணாம்மா. இதுல அக்கா ஊதல.”

“கன்னம் தணியற நேரமாப் பாத்து எடுத்ததுப்பா. அவங்கதான் கேட்டாங்க.”

“இல்லம்மா. அன்னிக்கு அக்கா ஊதவே இல்ல. வாயில வச்சிக்கினு வெரல மட்டும் ஓட்டிக்கினு வந்துச்சு. ரெண்டு பேரு வாசிப்பையும் நான் ஒருத்தனே இழுத்தேன். மூச்சு வாங்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா, திருவிழா முடியட்டும்னுச்சு.” படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் சொன்னா எங்க கேக்குது? நீங்க அவ்ளோ கிட்டத்துல நின்னு எடுத்தீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க சொன்னா கேக்கும்னு இருந்துட்டேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை அக்கா. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்குத் தெரியலப்பா” என்றேன்.

“சரிங்கம்மா.”

முந்தைய வருஷத்துப் படம் ஒன்றைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, வைத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

நான் சொன்னது மெய்யா பொய்யா என்று அப்போதிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு தவில் முழங்கும்போது கேட்பது ஒரு நாயனமா, இரண்டா என்று என் காதுக்குப் பிரிக்கத் தெரியாது. அது மெய். கன்னத்தைப் பார்த்தேனே தவிர, அது ஏன் தணிந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. அதுவும் மெய்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்தே சாமி முன்னால் நின்றால் வேண்டிக்கொள்ள எதுவும் வாயில் வருவதில்லை. அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்று புறப்பாட்டுக்கு முன் நீங்கள் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். உதடு வெளுத்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். காலை வெயில் அப்போதுதான் தூண்களுக்கு நடுவே விழுந்திருந்தது. இரண்டு நிமிஷத்தில் நகர்ந்துவிடும்.

“கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்கக்கா” என்றேன்.

திரும்பினீர்கள்.